வீட்டில் கேட்டுச் சொல்கிறோம்

2024 மார்ச் 10 அன்று டெல்லியில் ஒரு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு பக்கம் இந்தியா. மறுபக்கம் ஸ்விட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் நான்கும் சேர்ந்த எஃப்டா கூட்டமைப்பு. 15 ஆண்டுகளில் 100 பில்லியன் டாலர் முதலீடு, 10 லட்சம் வேலை என்று பத்திரிகைகள் எழுதின. நாமும் படித்தோம், பேப்பரை மடித்து வைத்தோம்.

ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 2025 அக்டோபர் 1-இல்தான். நடுவில் ஒன்றரை வருஷம் என்ன ஆனது? ஸ்விட்சர்லாந்தில் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் விவாதித்து ஒப்புதல் தந்தன. அதோடு முடியவில்லை. அதற்குப் பிறகும் 100 நாள் காத்திருந்தார்கள். அந்தக் கெடுவுக்குள் 50,000 குடிமக்கள் கையெழுத்துப் போட்டு, ‘இதை எங்களிடமும் கேளுங்கள்’ என்று சொல்லியிருந்தால் ஒப்பந்தம் பொது வாக்கெடுப்புக்குப் போயிருக்கும். அப்படி யாரும் கேட்காமல் 2025 கோடையில் கெடு முடிந்தது. இந்தியத் தரப்பில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மத்திய அமைச்சரவை சம்மதித்தால் போதும். நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு விட வேண்டிய கட்டாயம்கூட கிடையாது.

வெளியுறவு என்றால் கோட்டு போட்டவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடிக்கிற சங்கதி என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ரேஷன், ரோடு, பள்ளிக்கூடம் பற்றி மக்களைக் கேட்கலாம், அயல்நாட்டோடு என்ன பேசுவது என்று கேட்டால் அவர்களுக்கு என்ன தெரியும் என்பார்கள். கேட்டுத்தான் பார்ப்போமே என்று நூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் நாடு ஸ்விட்சர்லாந்து. அதில் நல்லதும் உண்டு, கோணலும் உண்டு. டீ சொல்லுங்கள், மெதுவாகப் போவோம்.

ஆரம்பம் ஒரு ரயில் பாதை. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து வடக்கையும் தெற்கையும் இணைத்த கோட்ஹார்ட் பாதை 1882-இல் திறந்தது. அதைக் கட்ட ஜெர்மனியும் இத்தாலியும் பணம் போட்டிருந்தன. 1909-இல் ஸ்விஸ் அரசு அந்த ரயில் கம்பெனியை அரசுடைமையாக்கியதும் இரண்டு நாடுகளும் போட்ட பணத்துக்கு ஈடு கேட்டன. ரயில் கட்டணத்தில் சலுகைகள் தருவதாக ஸ்விஸ் அரசு அதே ஆண்டு உடன்படிக்கை செய்துகொண்டது. ஊர் கொதித்தது. நம் ரயிலில் அடுத்தவனுக்கு நிரந்தரப் பாத்தியதையா என்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றம் கேட்கவில்லை, 1913-இல் ஒப்புதல் கொடுத்துவிட்டது. மக்கள் கையில் அதைத் தடுக்கும் வழி இல்லை. உள்நாட்டுச் சட்டம் பிடிக்காவிட்டால் கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்புக் கேட்கும் உரிமை 1874 முதல் இருந்தது. உடன்படிக்கைக்கு அந்த உரிமை நீளவில்லை.

அந்தக் கோபம் முதல் உலகப்போர் முடிந்தும் ஆறவில்லை. 1921 ஜனவரியில் நடந்த வாக்கெடுப்பில் 71 சதவீதம் பேர் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். காலவரையறை இல்லாத, அல்லது 15 ஆண்டுக்கு மேல் கட்டுப்படுத்துகிற எந்த உடன்படிக்கையையும் 30,000 பேர் கேட்டால் மக்கள் முன் வைத்தாக வேண்டும் என்று ஆனது.

இரண்டே ஆண்டில் சோதனை வந்தது. ஜெனீவாவின் வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். அந்த நகரத்தைக் கிட்டத்தட்ட முழுக்கச் சூழ்ந்திருப்பது பிரான்ஸ். சுற்றுப்பட்டுக் கிராமங்களின் பாலுக்கும் காய்கறிக்கும் சந்தை ஜெனீவாதான். அதனால் 1815, 1816 உடன்படிக்கைகளின்படி அந்தப் பகுதியில் பிரான்ஸின் சுங்கச்சாவடிகள் எல்லைக்கோட்டில் இல்லாமல் உள்ளே தள்ளி இருந்தன. இடையில் இருந்த நிலம் வரியில்லா மண்டலம். போர் முடிந்ததும் பிரான்ஸ் சாவடிகளை எல்லைக்கே கொண்டுவர விரும்பியது. 1921-இல் ஸ்விஸ் அரசும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது. புது உரிமை கையில் இருக்க, மக்கள் சும்மா இருப்பார்களா? 1923 பிப்ரவரியில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை நிராகரித்தார்கள்.

இங்கேதான் வெளியுறவுக்கும் உள்ளூர் விவகாரத்துக்கும் உள்ள வித்தியாசம் வெளிப்பட்டது. ஊர் மக்கள் வேண்டாம் என்றால் பஞ்சாயத்துத் தீர்மானம் விழும். பிரான்ஸ் விழவில்லை. அதே ஆண்டு நவம்பரில் யாரையும் கேட்காமல் சாவடிகளை எல்லைக்கு நகர்த்திக்கொண்டது. வழக்கு ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், இழுத்து இழுத்து, 1932-இல் ஸ்விட்சர்லாந்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சாவடிகள் பின்வாங்கின. இன்றும் அந்த மண்டலங்கள் இருக்கின்றன. வாக்குச்சீட்டு ஒரு நாட்டு அரசைக் கட்டும், அடுத்த நாட்டைக் கட்டாது. ஜெனீவாக்காரர்களுக்கு ஹேக்கில் நல்ல நேரம் இருந்தது. எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.

இன்றைய நடைமுறை 1921-ஐவிட அகலமானது. 1977-இலும் 2003-இலும் விதிகளை விரித்தார்கள். கூட்டுப் பாதுகாப்பு அமைப்பிலோ, நாட்டுக்கு மேலான அதிகாரம் கொண்ட கூட்டமைப்பிலோ சேருவதென்றால் கையெழுத்துத் திரட்டவே தேவையில்லை, வாக்கெடுப்பு கட்டாயம். அதிலும் இரட்டைப் பெரும்பான்மை வேண்டும். நாடு முழுக்க விழுந்த வாக்கில் பாதிக்கு மேல் வேண்டும், கன்டோன் எனப்படும் மாநிலங்களில் பாதிக்கு மேலும் வேண்டும். மற்ற முக்கியமான உடன்படிக்கைகளுக்கு 100 நாளில் 50,000 கையெழுத்து. மக்களே புதிதாக ஒன்றைக் கிளப்ப விரும்பினால் 18 மாதத்தில் 1,00,000 கையெழுத்துச் சேர்த்து அரசியல் சட்டத் திருத்தத்தை முன்மொழியலாம். வருஷத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கென்று குறித்து வைத்திருக்கிறார்கள். சில வாரங்களுக்கு முன்பே வீட்டுக்கு உறை வந்துவிடும். உள்ளே வாக்குச்சீட்டோடு ஒரு சிறு புத்தகம் இருக்கும். அரசின் வாதம், எதிர்ப்பவர்களின் வாதம் இரண்டும் அதில் அச்சாகியிருக்கும். அரசு செலவில் அரசையே எதிர்க்கும் வாதத்தை அச்சடித்து வீடு வீடாக அனுப்புவது, என் கணக்கில், இந்த ஏற்பாட்டின் மிக நல்ல அம்சம்.

இப்படிக் கேட்டதில் என்னென்ன வந்தது? முதலில் ஐ.நா. கதை. அதன் ஐரோப்பியத் தலைமையகம் ஜெனீவாவில்தான் இருக்கிறது. ஆனால் 1986-இல் உறுப்பினராகச் சேரலாமா என்று கேட்டபோது 75 சதவீதத்துக்கும் மேல் வேண்டாம் என்றார்கள். ஒரு கன்டோன்கூட ஆதரிக்கவில்லை. நடுநிலை கெட்டுவிடும் என்ற பயம். பனிப்போர் முடிந்து காலம் மாறியதும் குடிமக்களே கையெழுத்துச் சேர்த்து மறுபடி கேட்டார்கள். 2002 மார்ச் 3-இல் 54.6 சதவீதம் ஆதரவு. கன்டோன் கணக்கில் 12-க்கு 11. ஒரு கன்டோன் மாறியிருந்தால் கதை வேறு. அந்த ஆண்டு செப்டம்பரில் 190-ஆவது உறுப்பினராக உள்ளே போனார்கள். கிளம்பி வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. வந்த பிறகு, ‘மேல்தட்டு எங்களைத் தள்ளிவிட்டது’ என்று யாரும் சொல்ல முடியவில்லை.

1992 டிசம்பர் 6 இன்னும் இறுக்கமானது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர்வதா என்ற கேள்வி. அரசு, பெரும்பாலான கட்சிகள், பெரிய தொழில் அமைப்புகள் எல்லாம் ஆதரவு. எதிர்ப்பின் முகம் கிறிஸ்டோஃப் புளோக்கர் என்ற தொழிலதிபர், நாடாளுமன்ற உறுப்பினர். வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் 78 சதவீதத்துக்கும் மேல் வந்து வாக்களித்தார்கள். வழக்கமாகப் பாதிப் பேர்கூட எட்டிப் பார்க்காத நாட்டில் இது திருவிழாக் கூட்டம். 50.3 சதவீதம் வேண்டாம் என்றது. வித்தியாசம் 24,000 வாக்குக்கும் குறைவு. பிரெஞ்சு பேசும் கன்டோன்கள் அத்தனையும் சரி என்றன, ஜெர்மன் பேசும் கன்டோன்கள், பாசல் என்ற பெயருள்ள இரண்டைத் தவிர, வேண்டாம் என்றன. நாடு மொழிவாரியாகப் பிளந்து நின்றது. அன்று பொருளாதார அமைச்சர் டெலாமுராஸ் அதைக் கறுப்பு ஞாயிறு என்றார்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். மக்கள் மறுத்துவிட்டார்கள் என்று கதவைச் சாத்தாமல், துறை துறையாகப் பேசி 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஏழு தனித்தனி ஒப்பந்தங்கள் முடித்தார்கள். அதில் ஒன்று ஆட்கள் சுதந்திரமாக வந்து வேலை செய்யும் ஒப்பந்தம். வெளியாட்கள் வந்து கூலியைக் குறைத்துவிடுவார்கள் என்று தொழிற்சங்கங்கள் பயந்தன. சங்கங்கள் எதிர்த்தால் வாக்கெடுப்பில் தோல்வி உறுதி என்பது அரசுக்குத் தெரியும். அதனால் உள்ளூர்க் கூலியைக் காக்கும் கண்காணிப்புச் சட்டம் ஒன்றை அந்த ஒப்பந்தத்தோடு சேர்த்தே நிறைவேற்றினார்கள். 2000 மே மாதம் 67 சதவீதம் ஆதரவோடு எல்லாம் நிறைவேறியது. வாக்குப்பெட்டி திறப்பதற்கு முன்பே, அதன் மேலுள்ள பயத்தில், ஒரு கூலித் தொழிலாளிக்குப் பாதுகாப்புக் கிடைத்துவிட்டது.

பேச்சுவார்த்தை மேசையிலும் இந்தப் பயத்துக்கு விலை உண்டு. நம் ஊரில் கல்யாணம் பேசப் போகிற பெரியவர் ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று எழுந்து வந்தால் எதிர்த்தரப்பு ஒரு படி இறங்கும். எல்லாம் நானே முடிவு செய்வேன் என்று உட்கார்ந்தவரிடம் யாரும் இறங்கமாட்டார்கள். ராபர்ட் புட்னம் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1988-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதையே கோட்பாடாக்கினார். நாடுகளுக்கு இடையே ஒரு மேசை, வீட்டுக்குள்ளே ஒரு மேசை, பேசுகிறவர் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஆட வேண்டும் என்றார். ஸ்விஸ் தூதர்களுக்கு வீட்டு மேசை எப்போதும் நிறைந்திருக்கிறது.

இந்தோனேசிய ஒப்பந்தம் இதற்கு நல்ல சாட்சி. 2018-இல் கையெழுத்தான அந்த எஃப்டா ஒப்பந்தத்தில் பாமாயில்தான் முள். காட்டை அழித்து எடுத்த எண்ணெய்க்கு வரிச்சலுகையா என்று விவசாய அமைப்புகளும் சூழலியல்காரர்களும் கேட்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். அதனால் நிபந்தனையை ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதினார்கள். நிலைத்த முறையில் விளைவித்ததற்குச் சான்று உள்ள எண்ணெய்க்கு மட்டும் சலுகை. எங்கிருந்து வந்தது என்று தடம் பிடிக்க வசதியாக 22 டன்னுக்கு மேற்படாத தொட்டிகளில்தான் வர வேண்டும். அப்படியும் ஜெனீவாவைச் சேர்ந்த ஒரு திராட்சைத் தோட்டக்காரரும் மற்றவர்களும் கையெழுத்துச் சேர்த்து வாக்கெடுப்புக்கு இழுத்தார்கள். 2021 மார்ச்சில் 52 சதவீதத்தைக்கூடத் தொடாமல் ஒப்பந்தம் பிழைத்தது. அந்த நிபந்தனைகள் மட்டும் இல்லாவிட்டால் விழுந்திருக்கும் என்பது என் துணிபு.

கோணலைச் சொல்லாமல் விட்டால் நான் ஸ்விஸ் தூதரகத்து ஆள் ஆகிவிடுவேன்.

2014 பிப்ரவரி 9. வெளிநாட்டவர் வந்து குடியேறுவதற்கு ஆண்டு உச்சவரம்பு வேண்டும் என்று ஒரு மக்கள் முன்மொழிவு 50.3 சதவீதத்தில் வென்றது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த சுதந்திர நடமாட்ட ஒப்பந்தத்துக்கு இது நேர் எதிர். அரசு தவித்தது. ஒன்றியத்தில் புதிதாகச் சேர்ந்த குரோவேஷியாவுக்கு அந்த உரிமையை நீட்டும் ஆவணத்தில் கையெழுத்திட முடியாது என்றது. ஒன்றியம் உடனே ஹொரைசன் 2020 ஆராய்ச்சித் திட்டத்திலும், மாணவர் பரிமாற்றத்துக்கான எராஸ்மஸ் திட்டத்திலும் ஸ்விட்சர்லாந்தோடு நடந்த பேச்சை நிறுத்தியது. குடியேற்றத்தைப் பற்றி வாக்களித்ததற்கு முதல் விலையைக் கொடுத்தவர்கள் ஆராய்ச்சி மாணவர்கள். கடைசியில் 2016 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு நீர்த்த சட்டம் இயற்றியது. உச்சவரம்பு இல்லை. வேலையின்மை அதிகமுள்ள தொழில்களில் உள்ளூரில் வேலை தேடுவோருக்குக் காலியிடத்தை முதலில் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். வென்றவர்கள் துரோகம் என்றார்கள். மக்கள் சொன்னதை அப்படியே செய்தால் ஒன்றியத்தோடு உறவு முறியும், செய்யாவிட்டால் வாக்குக்கு மதிப்பில்லை. 2020 செப்டம்பரில் அந்தச் சுதந்திர நடமாட்டத்துக்கே முடிவுகட்டும் இன்னொரு முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. அதை 61.7 சதவீதம் பேர் நிராகரித்தார்கள்.

அதே நாளில் போர் விமானக் கேள்வியும் இருந்தது. 6 பில்லியன் பிராங்க் செலவிடலாமா? 50.1 சதவீதம் சரி என்றது. எந்த விமானம் என்று அந்தச் சீட்டில் இல்லை. மறு ஆண்டு அரசு அமெரிக்காவின் எஃப்-35-ஐத் தேர்ந்தெடுத்தது. அதை எதிர்த்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்துச் சேர்த்துக் கொடுத்தும், வாக்கெடுப்புக்குக் காத்திராமல் 2022 செப்டம்பரில் வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மக்களைக் கேட்டுப் பழகிய அரசுக்கும் அவசரம் வந்தால் நடை மாறுகிறது.

யாரைக் கேட்கிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. 1920-இல், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் சேரலாமா என்று கேட்டபோதும், 1921-இலும், 1923-இலும் வாக்களித்தவர் அத்தனை பேரும் ஆண்கள். தேசிய அளவில் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததே 1971-இல்தான். இன்று அந்நாட்டில் வசிப்பவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள். குடியேற்றம் பற்றிய வாக்கெடுப்பில் விவாதப் பொருளே அவர்கள்தான், ஆனால் உறை அவர்கள் வீட்டுக்கு வராது. 1980-களில் இலங்கையிலிருந்து போய்ச் சேர்ந்த தமிழர்களில் குடியுரிமை பெற்றவர்கள் இன்று வாக்களிக்கிறார்கள். பெறாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் தங்களைப் பற்றி என்ன முடிவு செய்தார் என்று ஞாயிறு சாயங்காலம் செய்தியில் பார்க்கிறார்கள்.

ஸ்விட்சர்லாந்தைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட நாடும் உண்டு. நெதர்லாந்தில் 2015-இல் ஆலோசனை வாக்கெடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் உக்ரைனோடு ஐரோப்பிய ஒன்றியம் செய்த ஒப்பந்தத்தை மக்கள் முன் வைத்தார்கள். 32 சதவீதம் பேர்தான் வந்தார்கள், வந்தவர்களில் 61 சதவீதம் வேண்டாம் என்றார்கள். அரசு ஒன்றியத்திடம் போய் ஒரு விளக்கக் குறிப்பு வாங்கிவந்து, 2017-இல் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. 2018-இல் வாக்கெடுப்புச் சட்டத்தையே ரத்து செய்தது. எல்லாம் முடிந்த பிறகு, கட்டாயமும் இல்லாமல், சரியா தவறா என்று மட்டும் கேட்டால் இப்படித்தான் ஆகும். கேட்டதும் வீண், கெட்ட பெயரும் மிச்சம்.

ஸ்விஸ் முறையின் உயிர் அந்த ஞாயிற்றுக்கிழமையில் இல்லை, அதற்கு முந்தைய மாதங்களில் இருக்கிறது. முக்கியமான உடன்படிக்கை என்றால் நாடாளுமன்றத்துக்குப் போகும் முன்பே கன்டோன்கள், கட்சிகள், சங்கங்கள் எல்லாரிடமும் எழுத்தில் கருத்துக் கேட்க வேண்டும். வேறு யார் வேண்டுமானாலும் எழுதலாம். கன்டோன்களின் அதிகாரத்தைத் தொடும் வெளியுறவு முடிவு என்றால் அவற்றைக் கலந்துகொள்ள வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 55-ஆம் பிரிவே சொல்கிறது. மக்களுக்கும் எல்லாவற்றையும் தாங்களே முடிவு செய்ய ஆசை இல்லை. இன்னும் அதிக உடன்படிக்கைகளுக்கு வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கலாமா என்று 2012-இல் கேட்டபோது, 75 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

இப்போது நம் பக்கம் வருவோம். அயல்நாட்டு உடன்படிக்கை ஒன்றியப் பட்டியலில் 14-ஆவது பதிவு. அதுபற்றிச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு. இயற்றவில்லை. அதனால் கையெழுத்தும் அமைச்சரவை கையில், ஏற்பும் அமைச்சரவை கையில். ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1974 ஜூனில் இலங்கையோடு கச்சத்தீவு உடன்படிக்கை முடிந்தது. வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தது ஜூலையில். தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது ஆகஸ்டில். இந்திய மீனவர்கள் இலங்கைக் கடலில் மீன் பிடிக்கமாட்டார்கள் என்று இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் கடிதம் மாற்றிக்கொண்டது 1976 மார்ச் 23-இல். அப்போது நாட்டில் நெருக்கடி நிலை. தமிழக அரசைக் கலைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கேட்க நினைத்திருந்தாலும் கேட்பதற்குச் சட்டமன்றம் இல்லை. கடல் எல்லைக் கோட்டை எங்கே போட்டிருக்க வேண்டும் என்பது தனி வாதம். வலை வீசுகிறவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதில் வாதமே இல்லை.

140 கோடி பேரிடம் உறை அனுப்பி ஒவ்வொரு உடன்படிக்கைக்கும் வாக்குக் கேளுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. 50.3 சதவீதத்தில் பக்கத்து நாட்டு உறவு தீர்மானமாவதை நம் எல்லைகள் தாங்காது. ஆனால் அரசியல் சட்டச் செயல்பாட்டை ஆராய நீதிபதி வெங்கடாசலையா தலைமையில் அமைந்த ஆணையம் 2002-இலேயே ஒரு சிறிய யோசனை சொன்னது. மாநிலப் பட்டியலில் உள்ள விஷயங்களைப் பெரிதும் பாதிக்கும் உடன்படிக்கை என்றால் கையெழுத்திடும் முன் மாநிலங்களுக்கு இடையேயான மன்றத்தைக் கலந்தாலோசிப்பதைப் பரிசீலியுங்கள் என்றது. அதை எடுத்துச் செய்யலாம். அதோடு இன்னொன்று. ஏற்பு அளிப்பதற்கு முன் உடன்படிக்கையின் முழு வாசகமும், அதனால் யாருக்கு என்ன பாதிப்பு என்ற குறிப்பும் நாடாளுமன்றத்தின் முன் குறிப்பிட்ட நாட்கள் இருக்க வேண்டும், மாநில மொழிகளிலும் வெளியாக வேண்டும் என்று ஒரு சட்டம் வேண்டும். 14-ஆவது பதிவின் கீழ் சாதாரணச் சட்டமே போதும், அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டாம். அடுத்த முறை உங்கள் தொகுதி எம்.பி. வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, ரோடு, தண்ணீர் பற்றிக் கேட்டு முடித்த கையோடு, இந்தச் சட்டத்தை எப்போது கேட்கப்போகிறீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.